உஷார்! குளிர் நமக்குப் புதுசில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்

கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு அறைக்குள் கரி மூட்டாதீர்கள்!

கேஸ் அடுப்பை எரியவிட்டு அதன் பக்கத்தில் படுத்துத் தூங்காதீர்கள்!

விரல் மரத்துப்போனால் நெருப்பில் காட்டாதீர்கள்! தேய்க்கவும் தேய்க்காதீர்கள்!

இதெல்லாம் யாருக்கோ சொல்கிறார்கள் என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் மகன் ருமேனியாவில் கட்டட வேலையில் இருக்கிறானா? மகள் லண்டனில் படிக்கிறாளா? தம்பி போலந்துக்கோ கனடாவுக்கோ போகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறானா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

முன்பெல்லாம் நம் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வெளிநாடு என்றால் சவூதி, குவைத், டுபாய். வெயில் நாடுகள். அங்கே என்ன ஆபத்து என்று நமக்கு அனுபவத்தில் தெரியும். யாராவது கிளம்பினால் பத்துப் பேர் புத்தி சொல்வார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை முடங்கிய பிறகு பிள்ளைகளின் பார்வை வடக்கே திரும்பியிருக்கிறது. பனி விழும் நாடுகள். அந்தக் குளிரைப் பற்றிப் புத்தி சொல்ல நம் லயத்தில் ஆள் இல்லை. அதைவிட மோசம், சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

"குளிரா? நாங்க பொறந்ததே குளிர்லதானே!"

இந்த ஒரு வார்த்தைதான் என் வயிற்றைக் கலக்குகிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் துகள் உறைபனி விழும். கொழுந்து கருகிப்போகும். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது பல் கிட்டும். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்பது மணிக்கு வெயில் வந்துவிடும். பத்து மணிக்குக் கம்பளியைக் கழற்றிவிடுவோம். வருடச் சராசரி 16 பாகை செல்சியஸ் அளவு. அந்தப் பனி நாடுகளிலோ பூச்சியத்துக்குக் கீழே போனால் பல இடங்களில் பகலிலும் ஏறாது. நாள் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில் அப்படியே கிடக்கும். கனடாவின் வினிபெக், எட்மன்டன் பக்கம் மைனஸ் 30 வரைக்கும் இறங்கும். நம் குளிர் நடுங்க வைக்கும். அந்தக் குளிர் விரலை எடுக்கும். ஆளையும் எடுக்கும்.

குளிர் தெரியாதவன் பயந்து நாலு பேரிடம் கேட்பான். தெரியும் என்று நினைக்கிறவன் கேட்கமாட்டான். நம் பிள்ளைகள் கேட்பதில்லை.

ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். பெற்றவர்கள் பட்டது போதும்.

கிழக்கு ஐரோப்பாவில் ஒரு கட்டடக் கம்பனியில் வேலை. நாலு பேருக்கு ஓர் அறை. ஜனவரி மாதம் ஒரு சாயந்தரம் அறையைச் சூடாக்கும் கருவி நின்றுவிட்டது. சொல்லிப் பார்த்தார்கள். நாளைக்கு ஆள் வரும் என்று பதில். பின்பக்கத்து முற்றத்தில் இறைச்சி சுடுகிற தகரச் சட்டி ஒன்று கிடந்தது. அரை மூட்டை கரியும் இருந்தது. இந்தப் பிள்ளைதான் யோசனை சொன்னவன். வீட்டில் பாட்டி சட்டியில் தணல் அள்ளிக் கட்டிலுக்கடியில் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன். புகை வரக்கூடாது என்று வெளியிலேயே நன்றாக மூட்டி, புகை அடங்கித் தணல் சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டுபோனார்கள். காற்று வரக்கூடாது என்று கதவு இடுக்கில் துவாயைச் சுருட்டி அடைத்தார்கள். அறை இதமாக இருந்தது.

இரவு பத்து மணிக்கு அம்மாவுக்குப் பேசினான். இங்கே ஒன்றரை. பிள்ளைக்காக விழித்திருந்தவள். "அம்மா, தலை விண்ணு விண்ணுனு வலிக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றான். இவனுக்கு மட்டுமில்லை, இன்னொருவனுக்கும் தலைவலி. அம்மாவுக்கு என்ன தெரியும்? "குளிர் ஒத்துக்கல மகன். ரெண்டு பனடோலப் போட்டுட்டு நல்லாப் போத்திக்கிட்டுப் படு" என்றாள்.

எந்தத் தாயும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

விடியும் முன் அவர்களில் ஒருவன் சிறுநீர் கழிக்க எழுந்தான். கால் ஒத்துழைக்கவில்லை. தள்ளாடிப் போய்க் கதவைத் திறந்தபடியே வெளி நடையில் விழுந்தான். விழுந்த சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் வந்தார்கள். மற்ற மூவரும் உள்ளே எழுப்பியும் எழவில்லை. அவசர உதவிக்கு 112ஐ அழைத்தார்கள். நாலு பேரும் பிழைத்தார்கள். ஆனால் நம் பிள்ளைக்கு அதற்குப் பிறகு நினைவு பிசகுகிறது. சாரத்தில் ஏறிவிட்டு எதற்கு ஏறினோம் என்று நிற்கிறான். அந்த வேலைக்கு இனி அவனை வைத்துக்கொள்வார்களா?

கவனியுங்கள், புகை இல்லாத தணல்தான் ஆபத்து! புகை இருந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடுவோம். தணலிலிருந்து வருவது காபனோரொட்சைட்டு. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. கண்ணும் எரியாது. இரத்தத்தில் ஒட்சிசன் உட்கார வேண்டிய சீட்டில் இது முந்தி ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிறகு லேசில் எழாது. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் வாயு அது. மூச்சு விட்டுக்கொண்டே இருப்பீர்கள். உடம்புக்கு ஒட்சிசன் போகாது. தூக்கத்தில் இருப்பவர், குடித்திருப்பவர் விழிக்காமலே போய்விடலாம். தப்பியவர்களிலும் சிலருக்கு நாட்கள், வாரங்கள் கழித்து மறதி, தடுமாற்றம், குணமாற்றம் என்று வரும். கர்ப்பிணி இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

"எங்க காம்பராவுல தலைமுறை தலைமுறையா மிலாறு விறகு எரிக்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நம் லயத்துக் காம்பராவில் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி. கதவுக்கடியில் கை போகும். இஸ்தோப்புப் பக்கத்திலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். எந்த ஓட்டையைச் சபித்தோமோ அந்த ஓட்டைதான் இத்தனை காலம் ஓரளவுக்காவது நம்மைக் காத்தது. இங்கேயும் புதுசாகக் கட்டிய வீட்டில், எல்லாம் அடைத்த அறையில் தணல் வைத்தால் அதே கதிதான். அந்த நாட்டு வீடுகளோ சூடு ஒரு துளி வெளியே போகக்கூடாது என்று கட்டியவை. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சுற்றிலும் றப்பர் பட்டி. வாயு போக வழியே கிடையாது.

நாம் மட்டுமில்லை, நெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்து பழகிய எல்லா ஊர்க்காரருக்கும் இது நடந்திருக்கிறது. 2006 டிசம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் புயலில் மின்சாரம் போனது. குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி மூட்டியவர்களில் வந்தேறிய குடும்பங்கள் நிறைய. உயிர்கள் போயின. உள்ளூர்ப் பத்திரிகையான சியாட்டில் டைம்ஸ் ஆங்கிலத்தோடு வேறு பல மொழிகளிலும் முதல் பக்கத்தில் எச்சரிக்கை போட வேண்டி வந்தது. நமக்கு நம் மொழியில் யார் போடுவார்கள்? நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இந்த அடையாளங்களை மனப்பாடம் செய்யுங்கள்.

காய்ச்சல் இல்லாமல் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், கைகால் சோர்வு.

ஒரே அறையில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி! சும்மா தடிமன் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் ஒரே மணிக்கு வருமா?

வெளியே போனால் தெளிகிறது, உள்ளே வந்தால் திரும்ப வலிக்கிறது.

இதில் ஒன்று இருந்தாலும் யோசிக்க நேரமில்லை. எழுந்து வெளியே வர வேண்டும். கதவைத் திறந்து போட வேண்டும். அவசர உதவிக்கு அழைக்க வேண்டும்: ஐரோப்பாவில் 112, பிரித்தானியாவில் 999, கனடாவில் 911. திரும்ப உள்ளே போய்ப் படுக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் ஏற்ற வேண்டும்.

பனியில் புதைந்து நிற்கும் வாகனத்துக்குள் என்ஜினை ஓடவிட்டு உட்காருவதும் இதே ஆபத்துத்தான். புகைக்குழாயைப் பனி அடைத்தால் வாயு உள்ளே வரும்.

இந்த வாயு வந்தால் அலறுகிற சின்னக் கருவி இருக்கிறது. கடையில் கிடைக்கும். இங்கிலாந்தில் 2022 ஒக்டோபரிலிருந்து, எரிபொருளில் ஓடும் நிரந்தரச் சூடாக்கி உள்ள வாடகை அறையில் வீட்டுக்காரரே அதைப் பொருத்த வேண்டும் என்று சட்டம். பிள்ளை முதல் வாரம் வாங்க வேண்டிய பொருள் புதுப் போன் இல்லை, இதுதான்.

அம்மாமாரே, அக்காமாரே, இங்கே இருந்துகொண்டே உங்களால் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும். போன் பேசும்போது "சாப்பிட்டியா" என்று கேட்கிறீர்கள் அல்லவா? அதோடு இன்னும் இரண்டு கேள்வி. "ரூம்ல எதைப் போட்டுக் குளிர் காயிறீங்க?" "தலைவலிக்குதா, கூட இருக்கிறவனுக்கும் வலிக்குதா?" வலிக்கிறது என்றால் பனடோல் சொல்லாதீர்கள். "ஓடு, வெளிய ஓடு" என்று கத்துங்கள்.

அடுத்து உடுப்பு. ஹட்டன் டவுனில் வாங்கிய சுவெட்டர், மேலே ஒரு ஜேக்கட், போதும் என்று ஏறிவிடுகிறார்கள். போதாது! ஒரே தடித்த உடுப்பைவிட மூன்று அடுக்கு மேல். உடம்பை ஒட்டி வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் மெல்லிய உள்ளாடை, அதன் மேல் கம்பளி, அதற்கு மேல் காற்றும் ஈரமும் புகாத ஜேக்கட். உள்ளே பருத்திப் பெனியன் போடாதீர்கள். மூட்டை தூக்கி, சிமெந்து குழைத்து வியர்க்கும்போது பருத்தி நனைந்து உடம்போடு ஒட்டும். வேலை நின்ற அடுத்த நிமிடம் அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சும். மேஸ் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். பையில் எப்போதும் ஒரு காய்ந்த சோடி இருக்கட்டும். சப்பாத்து இறுக்கமாக இருந்தால் இரத்தம் ஓடாது, விரல் முதலில் போகும்.

இதில் ஊரில் இருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை, கோபிக்காதீர்கள். தோட்டத் தொழிலாளிக்கு 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபாய். அந்தச் சம்பளக்காரர் வீட்டில் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி இலட்சக்கணக்கில் கட்டிப் போன பிள்ளை, முதல் மாதச் சம்பளத்தைச் சப்பாத்துக்குச் செலவழிப்பானா? செலவழிக்க மாட்டான். அப்படியே அனுப்பிவிடுவான். காய்ச்சலோடு வேலைக்குப் போவான். ஆஸ்பத்திரிக்குப் போனால் சம்பளம் வெட்டுவார்களோ என்று பயப்படுவான். குளிரில் அடிபடுகிற பிள்ளைகளில் கடன்காரப் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை. "முதல்ல சப்பாத்து வாங்கு, அப்புறம் காசு அனுப்பு" என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் வாயால் வந்தால்தான் கேட்பான்.

விரல், காது, மூக்கு நுனி, கன்னம். குளிர் முதலில் தின்பது இவற்றைத்தான். காற்றும் சேர்ந்து உடம்புக்கு மைனஸ் 28 அளவு என்று படும்போது மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைய ஆரம்பிக்கலாம் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. மைனஸ் 40 என்றால் 5 முதல் 10 நிமிடம். ஒரு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரம்! முதலில் ஊசி குத்தும். பிறகு வலி நின்றுவிடும். வலி நின்றது என்று சந்தோஷப்படாதீர்கள், அதுதான் ஆபத்தின் அடையாளம். வெள்ளைக்காரருக்குத் தோல் வெளுத்துச் சட்டென்று தெரியும். நம் நிறத்துக்கு அப்படித் தெரியாது. நிறத்தைப் பார்க்காதீர்கள், உணர்வு இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டால் தெரியவில்லை, மெழுகு தடவியது மாதிரி விறைப்பாக இருக்கிறது என்றால் உள்ளே போய்விட வேண்டும்.

இங்கேதான் நம் பழக்கம் மறுபடி காலை வாருகிறது. மலையிலிருந்து நனைந்து வந்ததும் கையை அடுப்பு வாயில் நீட்டுவோம். பரபரவென்று தேய்ப்போம். மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது. கொப்புளிக்கும்வரை காட்டிக்கொண்டிருப்பான். தேய்த்தால் உள்ளே உறைந்த சதை கிழிபடும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: வெதுவெதுப்பான தண்ணீர், 37 முதல் 39 பாகை, இன்னொருவர் கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. திரும்ப வெளியே குளிரில் போக வேண்டியிருந்தால் அப்போதைக்குச் சூடாக்காமல், மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள். ஒரு தடவை இளகிய விரல் மறுபடி உறைந்தால் அதைக் காப்பாற்றுவது கஷ்டம்.

விரல் போனாலும் ஆள் இருப்பான். உடம்பின் உள்சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆளே போய்விடுவான். முதலில் உதறும். பேச்சு குழறும். நடை தள்ளாடும். பொத்தானைக்கூடப் போடத் தெரியாது. அப்புறம் உதறல் நின்றுவிடும். சிலர் அந்தக் கட்டத்தில் சூடாக இருக்கிறது என்று உடுப்பைக் கழற்றி எறிவார்கள். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறான் என்று விட்டுவிட்டுப் போவார்கள். விடாதீர்கள்! ஈர உடுப்பை மாற்றி, போர்த்தி, நினைவோடு இருந்தால் சூடாக இனிப்புத் தேத்தண்ணி கொடுத்து, உதவிக்கு அழையுங்கள்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குளிருக்கு ஒரு மூடி என்று சாராயமும் கசிப்பும் எத்தனை குடும்பத்தைத் தின்றன என்று நாம் பார்த்தவர்கள். அந்தக் குளிரில் குடி நேரடியாகக் கொல்லும். குடித்ததும் தோலுக்கு இரத்தம் பாய்ந்து சூடாகத் தெரியும். அது உடம்பின் உள்ளேயிருந்த சூடு வெளியே ஓடுவது. உதறலும் குறையும், நிதானமும் போகும். சம்பள நாள் இரவில் குடித்துவிட்டுத் தனியாக நடந்து வருகிற பிள்ளை, வழியில் ஒரு நிமிடம் உட்காரலாம் என்று உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். தம்பி, குடிக்காதே. கூட வந்தவன் குடித்தால் அவனைத் தனியாக விட்டு வராதே.

கண்ணுக்குத் தெரியாத ஐஸ் ஒன்று இருக்கிறது. தார் ரோட்டில் தண்ணீர்ப் படலமாக உறைந்து கறுப்பாகவே கிடக்கும். ஈரம் என்று நினைத்துக் கால் வைப்பீர்கள், இடுப்பெலும்பு போகும். சின்னச் சின்ன எட்டாக வைத்து நடங்கள். கையைப் பொக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடக்காதீர்கள்.

அப்புறம் இருட்டு. டிசம்பரில் இங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பகல். லண்டனில் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஒஸ்லோவில் ஆறு மணி நேரம் அளவுதான். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறார்கள். மூன்று மாதம் வெயில் படாத பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்வான். லீவு நாள் முழுக்கத் தூங்குவான். வீடியோ கோல் வேண்டாம், சும்மா பேசலாம் என்பான். "காசு வந்ததும் திமிர்" என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்! வெளிச்சக் குறைவால் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம் அது. டொக்டரிடம் போக வேண்டிய நோய். பகல் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடமாவது வெளியே நிற்கச் சொல்லுங்கள். விற்றமின் டீயும் குறையும். நம் நிறத் தோலுக்கு வெயிலிலிருந்து அதை எடுக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிரித்தானியாவில் இலையுதிர், குளிர் காலத்தில் எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள், கறுத்த தோல்காரருக்கு வருடம் முழுக்கவே சொல்கிறார்கள். மலிவான மாத்திரை. நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இனிச் சொல்லப்போவது மிகப் பெரிய ஆபத்து. விசா முடிந்துவிட்டது, அந்த நாட்டில் சம்பளம் போதவில்லை, "பக்கத்து நாட்டுக்குள்ள விட்டுர்றேன், காட்டு வழியா ரெண்டு மணித்தியால நடைதான்" என்று ஒருவன் வருவான். போகாதீர்கள்!

2022 ஜனவரி 19. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் எமர்சன் ஊர்ப் பக்கம், எல்லையிலிருந்து சுமார் 12 மீற்றர் தூரத்தில் நாலு பேர் உறைந்து கிடந்தார்கள். குஜராத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, 11 வயது மகள், 3 வயது மகன். குளிர் உடுப்பு போட்டிருந்தார்கள். போதவில்லை. இரவில், காற்றோடு மைனஸ் 35 அளவுக் குளிரில், அமெரிக்காவுக்கு நடந்து கடக்கச் சொல்லி அவர்களை விட்டிருந்தார்கள். கடத்தியவர்கள் இரண்டு பேரை 2024 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளிகள் என்று கண்டது. அந்தக் குழந்தைகள் திரும்ப வருவார்களா? 2021இல் பெலாரஸ், போலந்து எல்லைக் காட்டிலும் இப்படித்தான் குளிரில் ஆட்கள் செத்தார்கள். நம் மலைக்காட்டில் குறுக்குப்பாதை நடந்த கால்கள்தான் நம்முடையவை. பனிக்காட்டில் அந்தப் பழக்கம் உதவாது. பாதையே தெரியாது. கைப்பேசி பற்றறி குளிரில் சீக்கிரம் செத்துப்போகும்.

போவதற்குத் தயாராக இருப்பவர்களே, ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன் கேளுங்கள். தங்குமிடத்தைச் சூடாக்குவது யார் பொறுப்பு? குளிர்கால வேலை உடுப்பும் சப்பாத்தும் கம்பனி தருமா, நாம் வாங்க வேண்டுமா? காயம் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா? வாய்ப்பேச்சு ஜனவரி மாதத்தில் உதவாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். ஒரு பிரதி அம்மாவிடம் இருக்கட்டும். தங்கும் இடத்தின் முகவரி ஆங்கில எழுத்தில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கட்டும். 112க்கு அழைத்தால் முதலில் கேட்பது எங்கே இருக்கிறீர்கள் என்றுதான். அறையின் முகவரி தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள்!

டவுனில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து பேசுகிற சப் ஏஜென்டை நம்பிக் காசு கட்டாதீர்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு ஒரு கோல் எடுங்கள். அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த நாட்டுக்கு அந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். சப் ஏஜென்டிடம் ஏஜென்சியின் முழுப் பெயரும் அனுமதிப்பத்திர இலக்கமும் கேளுங்கள். இழுத்தடித்தால், "அதெல்லாம் எதுக்கு அக்கா, நம்ம ஆளுதானே" என்றால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.